பழைய சி.என்.சி.க்குள் டேட்டாவை மறுபடி ஏற்றுவது

பொங்கல் விடுமுறை முடிந்து பட்டறையைத் திறந்து மெயினைப் போடுகிறீர்கள். திரையில் வரிசையாக அலாரம். பேராமீட்டர் பக்கத்தைப் புரட்டினால் எல்லாம் பூஜ்யம், இல்லையென்றால் தலைகால் புரியாத எண்கள். மெஷினில் ஒரு போல்ட்கூடக் கழன்றிருக்காது. பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் ஃபானுக் சீரீஸ் 0 கன்ட்ரோலை வைத்து எழுதப்பட்டது. 1985-இல் வந்த இந்தக் கன்ட்ரோல் கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் லேத் அல்லது வி.எம்.சி. வாங்குகிறவர்கள் கையில் அடிக்கடி கிடைப்பதும் இதுதான். வேறு கன்ட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு பட்டனும் பேராமீட்டர் எண்ணும் மாறும், செய்முறை பெரிதாக மாறாது.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இந்தக் கன்ட்ரோலுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாது. கேபிளின் மறுமுனையில் காகித டேப் படிக்கும் ரீடரும், டேப்பில் ஓட்டை போடும் பஞ்ச்சும் இருப்பதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஃபைலின் முதலிலும் கடைசியிலும் % குறி வேண்டும் என்று அது கேட்பது, டேப்பைச் சுற்றி நிறுத்தும் இடம் அதுவாக இருந்ததால். முதல் வரி முடியும்வரை வருவதை எல்லாம் அது படிக்காமல் தள்ளிவிடுவது, டேப்பின் தொடக்கத்தில் பெயரும் தேதியும் ஓட்டைகளாகப் போட்டு வைக்கும் வழக்கம் இருந்ததால். ஈவன் பாரிட்டி கேட்பது, ஐ.எஸ்.ஓ. டேப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டைப்படை எண்ணிக்கையில் ஓட்டை இருந்ததால். உங்கள் லேப்டாப் அந்த டேப் ரீடராக வேஷம் கட்டி நடிக்க வேண்டும். நடிப்பு எங்கே பிசகுகிறதோ அங்கே அலாரம் வரும்.

கேபிள்

டேட்டா ஏறவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கேபிளை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 9-க்கு 25 கேபிள் பெரும்பாலும் மோடத்துக்காகச் செய்தது, இதற்கு ஒத்துவராது. இரண்டு கனெக்டரும் மூன்று மீட்டர் ஷீல்டு ஒயரும் வாங்கி நீங்களே பற்றவைத்துக்கொள்வது மேல். அரை மணி நேர வேலை.

மெஷின் பக்கம் 25 பின் கனெக்டர். அதில் 2 அனுப்பும் பின், 3 வாங்கும் பின், 7 கிரவுண்டு. லேப்டாப் பக்கம் 9 பின் கனெக்டர். அதில் 2 வாங்கும் பின், 3 அனுப்பும் பின், 5 கிரவுண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் நேராகத்தான் தெரியும்: 2-ஐ 2-உடனும், 3-ஐ 3-உடனும், 5-ஐ 7-உடனும் சேர்க்க வேண்டும். உள்ளே கிராஸ் தானாக நடந்துவிடுகிறது. 'நல்' கேபிள் என்றால் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட வேண்டும் என்று கேள்விப்பட்டு, இங்கேயும் மாற்றிப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டு முனையும் 25 பின்னாக இருந்தால்தான் அந்தக் கணக்கு.

இனி ஜம்பர். மெஷின் பக்கக் கனெக்டருக்குள்ளேயே 4-ஐயும் 5-ஐயும் சேருங்கள். 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகச் சேருங்கள். லேப்டாப் பக்கத்தில் 7-உடன் 8. 1, 4, 6 மூன்றும் ஒன்றாக. எதிரில் ஆள் தயாராக இருக்கிறான் என்று இரண்டு பக்கத்தையும் நம்பவைக்கும் ஏற்பாடு இது. மெஷின் பக்கத்தில் 6-20 ஜம்பர் விட்டுப்போனால் 086 அலாரம் வரும். எதிரில் கருவி தயாராக இல்லை என்று கன்ட்ரோல் சொல்கிறது என்று பொருள். ஷீல்டை மெஷின் பக்கம் மட்டும் பாடியோடு சேருங்கள், இரண்டு முனையிலும் வேண்டாம்.

மெஷின் பக்கத்து 25-ஆம் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். ஃபானுக் அதில் 24 வோல்ட் கொடுத்து வைத்திருக்கிறது, அந்தக் காலத்து டேப் ரீடருக்குப் பவர் கொடுக்க. 25 ஒயரும் நேராகப் போகிற பழைய பிரிண்டர் கேபிள் ஒன்று அலமாரியில் கிடக்கிறது என்று எடுத்து மாட்டினால் லேப்டாப் போர்ட் போய்விடும். ஐந்தாறு ஒயருக்கு மேல் உள்ள எந்தக் கேபிளையும் மல்டிமீட்டரில் பின் பின்னாகப் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். சீரியல் லைனில் சும்மா இருக்கும் நேரத்தில் அனுப்பும் பின்னில் மைனஸ் வோல்டேஜ் நிற்கும். லேப்டாப் பக்கம் 5-இல் கருப்பு, 3-இல் சிவப்பு புரோபை வைத்தால் மைனஸ் 5-இலிருந்து மைனஸ் 12-க்குள் ஏதாவது ஒன்று காட்ட வேண்டும். பிறகு கேபிளை மாட்டி, மெஷினில் செருகுவதற்கு முன், அந்த முனையில் 7-க்கும் 3-க்கும் நடுவே வைத்துப் பாருங்கள். அதே மைனஸ் வந்தால் ஒயரிங் சரி. 2-இல் வந்தால் மாற்றிப் பற்றவைத்திருக்கிறீர்கள். லேப்டாப் பக்கத்திலேயே வராவிட்டால், லேப்டாப்பில் மாட்டிய யு.எஸ்.பி. கன்வர்ட்டர் உயிரோடு இல்லை.

யு.எஸ்.பி. கன்வர்ட்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ளது என் தேர்வு. மலிவுச் சரக்கில் போலி சிப் இருந்தால் டிரைவரே ஏறாது. ஏறினாலும் 'நிறுத்து' என்று மெஷின் சொல்லும்போது உடனே நிறுத்தாது. அது ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது.

கேபிளைச் செருகும்போதும் உருவும்போதும் மெஷினும் ஆஃப், லேப்டாப்பும் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில். பட்டறை எர்த்தும் சார்ஜர் எர்த்தும் ஒன்றாக இல்லாத இடத்தில், வெறும் கேபிள் செருகலிலேயே கன்ட்ரோலின் சீரியல் சிப் எரிந்துபோகலாம். அந்த போர்டுக்குக் கொடுக்கும் விலையில் இன்னொரு லேப்டாப் வாங்கலாம். மெமரி உயிரோடு இருந்து பேட்டரி மட்டும் சந்தேகமாக இருந்தால், ஆஃப் செய்யும் முன் புது பேட்டரி போட்டுவிடுங்கள். அதைப் பற்றியும் கீழே.

இரண்டு பக்கமும் ஒரே பேச்சு பேச

மெஷினில் எம்.டி.ஐ. மோடுக்குப் போய் செட்டிங் பக்கத்தைத் திறக்கவும். ஐ.எஸ்.ஓ. 1, ஐ/ஓ 0, டி.வி. செக் 0. ஐ/ஓ 0 என்றால் அதற்கான வேகம் 0552-ஆம் பேராமீட்டரில் இருக்கிறது. 10 போட்டால் 4800, 11 போட்டால் 9600. ஸ்டாப் பிட் 0002-இல். அதைப் பொதுவாக 10000001 என்று வைப்பார்கள். வலது ஓரத்து 1 இரண்டு ஸ்டாப் பிட்டைக் குறிக்கிறது. பிட் பேராமீட்டரில் வலது ஓரம் பிட் 0, இடது ஓரம் பிட் 7. அச்சிட்ட தாளைப் பார்த்துக் கையால் ஏற்றுகிறவர்கள் இதைத் தலைகீழாக எண்ணிவிடுவது சகஜம்.

லேப்டாப்பில் டெரா டெர்ம் போதும், இலவசம். விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருப்பவர்களிடம் ஹைப்பர் டெர்மினல் கூடவே இருக்கும். 4800, டேட்டா 7 பிட், ஈவன் பாரிட்டி, ஸ்டாப் 2, ஃப்ளோ கன்ட்ரோல் எக்ஸ்-ஆன்/எக்ஸ்-ஆஃப். வேகத்தை இதற்கு மேல் கூட்டச் சொல்லி ஆபரேட்டர் தம்பி வற்புறுத்துவார். கேட்காதீர்கள். ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், பாரிட்டி, ஸ்டாப் எல்லாம் சேர்த்து 11 பிட். 4800-இல் நொடிக்குச் சுமார் 436 எழுத்து. பத்தாயிரம் எழுத்துள்ள பேராமீட்டர் ஃபைல் அரை நிமிடத்துக்குள் ஏறிவிடும்.

ஃப்ளோ கன்ட்ரோலில் 'ஹார்டுவேர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? நாம் 7-ஐயும் 8-ஐயும் ஜம்பர் போட்டு வைத்திருக்கிறோம். லேப்டாப் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் அனுப்பும். மெஷினின் பஃபர் நிரம்பி 'நிறுத்து' என்று கோட் அனுப்பினாலும் கேட்க ஆள் இல்லை. நிறுத்தச் சொன்ன பிறகு பத்து எழுத்துவரைதான் இந்தக் கன்ட்ரோல் பொறுக்கும். அதற்கு மேல் வந்தால் 087. செட்டிங் சரியாக இருந்தும் 087 வந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்த காம் போர்ட்டைத் திறந்து, அனுப்பும் பஃபரைக் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு பக்கமும் 2400-க்கு இறங்குங்கள்.

085 வந்தால் சிக்கல் வேறு இடத்தில். எழுத்து வந்து சேர்கிறது, ஆனால் கலங்கி வருகிறது. வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றில் ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை. கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம்; ஏதாவது ஒன்று வந்து சேர்ந்ததால்தான் இந்த அலாரமே வருகிறது. வெல்டிங் மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள்.

முதலில் வெளியே எடுங்கள்

மெமரி உயிரோடு இருக்கும் மெஷினில் எதையும் உள்ளே ஏற்றுவதற்கு முன், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே எடுப்பதால் மெஷினுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கேபிளும் செட்டிங்கும் சரியா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

யார் வாங்கப்போகிறாரோ அவர் முதலில் தயாராக இருக்க வேண்டும். அதனால் லேப்டாப்பில் லாக் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மெஷினுக்கு வர வேண்டும். எடிட் மோடு, பேராமீட்டர் பக்கம், அவுட்புட் பட்டன். திரையின் கீழே அவுட்புட் என்று மின்னும், லேப்டாப்பில் எண்கள் ஓடும். புரோகிராமுக்கு எடிட் மோடில் புரோகிராம் பக்கம் போய், ஓ எழுத்தை அழுத்தி, மைனஸ் 9999 அடித்து அவுட்புட் கொடுத்தால் எல்லாம் மொத்தமாக வரும்.

மொத்தமாக என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 9000 வரிசைப் புரோகிராம்கள் பூட்டப்பட்டிருந்தால் அவை வராது. வி.எம்.சி.யில் டூல் மாற்றும் மேக்ரோ பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 0010-ஆம் பேராமீட்டரின் பிட் 4-ஐ 0 ஆக்கி எடுத்துவிட்டு மறுபடி 1 ஆக்கிவிடுங்கள்.

வந்த ஃபைலைத் திறந்து கண்ணால் பாருங்கள். % இருக்கிறதா, கடைசி % வரை வந்திருக்கிறதா? எல்லாம் ஒரே வரியாக ஓடினால் பயப்பட வேண்டாம். 2018-க்கு முந்தைய நோட்பேடுக்கு மெஷின் அனுப்பும் வரிமுடிவு புரியாது. 900-க்கு மேற்பட்ட பேராமீட்டர்கள் ஃபைலில் இருக்கின்றனவா என்று குறிப்பாகப் பாருங்கள். இல்லையென்றால் திரையில் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி மொபைலில் படம் எடுங்கள். மேக்ரோ வேரியபிள் 500 வரிசையும், டயக்னாஸ் பக்கத்தில் உள்ள டைமர், கவுன்ட்டர், கீப் ரிலேயும் அப்படியே. ஃபைலில் வந்திருந்தாலும் படம் இருக்கட்டும்.

மெமரி காலியான மெஷின்

எல்லாம் பூஜ்யமாகிவிட்ட மெஷினில் நேராக ஃபைலை அனுப்ப முடியாது. வேகம் சொல்லும் 0552-ம் பூஜ்யம்தானே. அது மட்டுமில்லை, ஆர்.எஸ்.232 வழியாகப் பேசும் வசதியே இந்தக் கன்ட்ரோலில் ஒரு ஆப்ஷன். எந்தெந்த ஆப்ஷனுக்கு ஃபானுக்கிடம் காசு கட்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல்வதுதான் 900 வரிசை. அதனால் அந்த வரிசையைக் கையால்தான் முதலில் போட வேண்டும்.

மெஷின் வந்தபோது கன்ட்ரோல் கேபினட் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் வைத்திருப்பார்கள், பேராமீட்டர்கள் அச்சிட்டது. பல மெஷினில் அது இன்னும் அங்கேயே எண்ணெய்க் கறையோடு இருக்கும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் பேரம் முடியும் முன்பே கதவைத் திறந்து அந்தத் தாளைத் தேட வேண்டும். அது இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், தப்பே இல்லை. பக்கத்துப் பட்டறையில் அதே மாடல் ஓடுகிறது, அதன் பேராமீட்டரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாதி சரி. டைமரும் கீப் ரிலேயும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் பேக்லாஷ், கிரிட் ஷிப்ட், பிட்ச் எரர் மூன்றும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக அளந்து போட்டவை. 900 வரிசையும் அந்த மெஷினின் ஆப்ஷனுக்கு ஏற்ப மாறும்.

எமர்ஜென்சியை அழுத்தி வையுங்கள்; இது முடியும்வரை அதை விடுவிக்க வேண்டாம். எம்.டி.ஐ. மோடில், செட்டிங் பக்கத்தில் பி.டபிள்யூ.இ. என்பதை 1 ஆக்குங்கள். 100 அலாரம் வரும். பூட்டு திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கைதான் அது. கேன், ரீசெட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறையும். தாளைப் பார்த்து 900 வரிசையைப் போடுங்கள், இருவராக: ஒருவர் வாசிக்க, ஒருவர் அடிக்க, பிறகு அடித்தவர் திரையைப் பார்த்து வாசிக்க வாசித்தவர் தாளில் டிக் போட வேண்டும். 0002, 0552, ஐ.எஸ்.ஓ., ஐ/ஓ ஆகியவற்றையும் போட்டு, ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும்போது கை தவறியும் ரீசெட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்திவிடாதீர்கள். மொத்த மெமரியையும் துடைக்கும் பட்டன் சேர்க்கை அது.

ஆன் ஆன பிறகு பி.டபிள்யூ.இ. 1-இல்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எடிட் மோடு, பேராமீட்டர் பக்கம், இன்புட் பட்டன். இந்தத் தடவை மெஷின்தான் வாங்குகிறது, அதனால் அதுதான் முதலில் தயாராக வேண்டும். இன்புட் என்று மின்ன ஆரம்பித்த பிறகு லேப்டாப்பில் ஃபைலை அனுப்புங்கள். ஃபைலின் முதல் வரியில் % மட்டும் தனியாக இருக்கட்டும். % குறியையும் புரோகிராம் எண்ணையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால், முதல் வரியைத் தள்ளிவிடும் பழக்கத்தால் எண்ணையும் சேர்த்து விழுங்கிவிடும். ஃபைலை எடிட் செய்து சேமிக்க நேர்ந்தால் ஏ.என்.எஸ்.ஐ. வடிவத்தில் சேமியுங்கள், தமிழ்க் குறிப்பு எதையும் உள்ளே எழுதி வைக்காதீர்கள்.

ஏறி முடிந்ததும் 000 அலாரம் வந்தால், பவரை ஆஃப் செய்து போடச் சொல்கிறது என்று பொருள். போட்டதும் மறுபடி செட்டிங்கைப் பாருங்கள். இப்போது உள்ளே இருப்பது பழைய ஃபைலில் இருந்த வேகமும் ஸ்டாப் பிட்டும். பேராமீட்டர் அழகாக ஏறிவிட்டது, புரோகிராம் மட்டும் ஏற மறுக்கிறது என்று திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

அடுத்து டயக்னாஸ் பக்கத்து டேட்டா, பிறகு 9000 வரிசை மேக்ரோ, பிறகு ஆஃப்செட், கடைசியில் ஜாப் புரோகிராம்கள். புரோகிராம் ஏற்றும்போது பேனலில் இருக்கும் புரோகிராம் புரொடெக்ட் சாவியைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம். 073 வந்தால் அதே எண்ணில் ஒரு புரோகிராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 070 வந்தால் மெமரி நிரம்பிவிட்டது. எல்லாம் முடிந்ததும் பி.டபிள்யூ.இ.யை 0 ஆக்கிவிடுங்கள்.

பேட்டரி இந்த வேலையின் கடைசியில் அல்ல, தொடக்கத்திலேயே மாற்ற வேண்டியது. மூன்று பெரிய டார்ச் செல், அல்கலைன் மட்டும். மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். திரையின் ஓரத்தில் பேட் என்று மின்ன ஆரம்பித்த பிறகு 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்பதற்கு இடமில்லை. மின்னாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டு, பேட்டரி பெட்டி மேலேயே மார்க்கரால் தேதி எழுதுங்கள்.

ஏற்றிய பிறகு

எமர்ஜென்சியை விடுவிக்கும் முன் மூன்று இடத்தைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். 0700 முதல் 0707 வரையான சாஃப்ட் லிமிட், 0535-இலிருந்து தொடங்கும் பேக்லாஷ், டூல் சேஞ்சர் டைமர். லிமிட் தவறாக இருந்தால் டேபிள் ஸ்டாப்பரில் மோதும், டைமர் தவறாக இருந்தால் ஆர்ம் மடங்கும்.

பிறகு ஹேண்டில் மோடு. டேபிளில் டயல் வைத்து 0.1 மி.மீ. நகர்த்துங்கள். திசை சரியா, டயலும் அதே 0.1 காட்டுகிறதா? பாதியோ இரட்டிப்போ காட்டினால் ஆக்ஸிஸின் பெருக்கல் விகிதப் பேராமீட்டர் ஏதோ ஒன்று தவறாக ஏறியிருக்கிறது. ரேபிடைத் தொடாமல் அங்கேயே நிறுத்துங்கள். சரியாக இருந்தால் ரேபிடைக் குறைந்த அளவில் வைத்து, ஒவ்வொரு ஆக்ஸிஸாக ஹோம் போங்கள். ஹோம் பொசிஷன் பழைய இடத்திலிருந்து ஒரு ஸ்க்ரூ பிட்ச் தள்ளி நின்றால் அது கிரிட் சம்பந்தப்பட்ட கோளாறு. டாக்கை அசைத்துச் சரிசெய்ய வேண்டியது. பேராமீட்டரில் கை வைக்க அவசரப்பட வேண்டாம். டூல் மாற்றுவதை முதல் தடவை ஸ்பிண்டிலில் டூல் இல்லாமல், சிங்கிள் பிளாக்கில், எமர்ஜென்சி பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டு பாருங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு லேப்டாப்பை உடனே மூட்டை கட்டாதீர்கள். மெஷினிலிருந்து பேராமீட்டரை இன்னொருமுறை வெளியே எடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். பெயரில் மெஷின் எண்ணும் தேதியும் இருக்கட்டும். நீங்கள் ஏற்றிய ஃபைலையும் இதையும் விண்டோஸின் எஃப்.சி. கமாண்டில் கொடுத்தால் மாறுபடும் இடங்களைக் காட்டும். நீங்கள் கையால் மாற்றிய வரிகள் மட்டும் மாறுபட்டால் சரி. வேறு ஏதாவது வரி மாறுபட்டால், நடுவில் ஒரு எழுத்து கலங்கி ஏறியிருக்கிறது. எமர்ஜென்சியை மறுபடி அழுத்திவிட்டு, 2400-க்கு இறங்கி, முழு ஃபைலையும் இன்னொருமுறை அனுப்புங்கள்.